ஒருமுறை ஏமாந்த பிறகு மறுபடியும் பழைய கார் வாங்கலாமா? படிப்படியாக ஒரு வழிகாட்டி

2022-இல் கோவையில் பழைய கார் விற்கும் ஒரு கன்சல்டிங்கில் 2014 மாடல் டீசல் ஹேட்ச்பேக் ஒன்றை 3,40,000 ரூபாய்க்கு வாங்கினேன். மீட்டர் 62,000 கிலோமீட்டர் காட்டியது. புது சீட் கவர், பளபளக்கும் பெயின்ட், 'சிங்கிள் ஓனர், டாக்டர் வண்டி' என்ற பேச்சு. மூன்றாவது மாதம் கிளட்ச் போனது, ஐந்தாவது மாதம் டர்போ. அதற்குப் பிறகுதான் அந்தக் கம்பெனியின் சர்வீஸ் சென்டருக்குப் போய்ப் பதிவெண்ணைச் சொன்னேன். 2019-லேயே 1,31,000 கிலோமீட்டர் ஓடியதாக அவர்கள் கணினியில் பதிவு இருந்தது. முந்தைய உரிமையாளரின் வங்கிக் கடன் வண்டியின் பதிவுச் சான்றான ஆர்.சி.யில் நீக்கப்படாமல் இருந்ததால் பெயர் மாற்றம் ஏழு மாதம் இழுத்தது. பழுதுக்கு 96,000 செலவழித்து, கடைசியில் 1,80,000-க்கு விற்றேன். ஓராண்டு கார் ஓட்டியதற்கு 2,56,000 ரூபாய் போனது.

அதன்பின் பழைய கார் என்ற சொல்லைக் கேட்டாலே வயிறு கலங்கும். ஆனாலும் அப்பாவை வாரம் இரண்டு முறை மருத்துவமனைக்கு அழைத்துப் போக வேண்டிய நிலை வந்தபோது மறுபடியும் தேடினேன். நான்கு மாதத்தில் பதினாறு வண்டிகளைப் பரிசீலித்து, பதினேழாவதை வாங்கினேன். முதல் முறை நான் வண்டியைப் பார்த்தேன், பணத்தைக் கொடுத்தேன், காகிதத்தை வாங்கினேன். இரண்டாம் முறை முதலில் காகிதம், பிறகு வண்டி, கடைசியில் பணம் என்று மாற்றினேன். கீழே இருப்பது அந்த வரிசை.

1. முதலில் கெட்டுப்போன வண்டியின் கணக்கை முடியுங்கள்

அந்த வண்டி இன்னும் உங்களிடம் இருந்தால், அதை 'எக்ஸ்சேஞ்ச்' கொடுத்து அதே இடத்தில் வேறொன்றை எடுக்காதீர்கள். அங்கே பழைய வண்டியின் விலையும் புதிய வண்டியின் விலையும் ஒன்றோடொன்று கலந்துவிடும். எதில் எவ்வளவு இழந்தோம் என்பதே தெரியாது. தனியாக விற்றுப் பணத்தைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். வாங்க வருபவரிடம் குறையைச் சொல்லி, அதற்கேற்ற விலைக்கு விற்றுவிடுங்கள். நமக்கு நேர்ந்தது இன்னொரு குடும்பத்துக்கு நேரக் கூடாது.

விற்றபின் பெயர் மாறியதை உறுதி செய்யாமல் விடாதீர்கள். ஆர்.சி.யில் யார் பெயர் இருக்கிறதோ அவரே விபத்து இழப்பீட்டுக்குப் பொறுப்பு என்று உச்ச நீதிமன்றம் 2018-இல் தீர்ப்பளித்திருக்கிறது. கன்சல்டிங்குக்கு விற்றால், அவர்கள் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் அனுமதி பெற்றவர்களா என்று கேளுங்கள். 2023 ஏப்ரல் முதல் நடப்பில் உள்ள விதிப்படி, அனுமதி பெற்ற விற்பனையாளரிடம் வண்டியை ஒப்படைத்ததைப் படிவம் 29சி மூலம் இணையத்தில் பதிவு செய்யலாம். அதன்பின் வண்டிக்குப் பொறுப்பு அவருடையது.

ஏமாற்றிய விற்பனையாளர் மீது மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் இரண்டு ஆண்டுகளுக்குள் புகார் கொடுக்கலாம். வண்டியின் விலை 5 லட்சம் வரை என்றால் புகாருக்குக் கட்டணம் கிடையாது. எதைச் செய்வது என்றே தெரியாவிட்டால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் கேளுங்கள். என்னிடம் முறையான பில் இல்லை, ஒரு துண்டுச் சீட்டுதான் இருந்தது. அதனால் என்னால் அந்த வழியில் போக முடியவில்லை. எட்டாம் படியில் எழுத்து எழுத்து என்று நான் வற்புறுத்துவது இதனால்தான்.

2. பழைய கார்தான் வேண்டுமா என்று ஒரு தாளில் கணக்கு எழுதுங்கள்

2025 செப்டம்பர் 22 முதல் நான்கு மீட்டருக்கு உட்பட்ட, 1200 சிசி வரையிலான பெட்ரோல் கார்களுக்கு ஜி.எஸ்.டி. 18 சதவீதமாகக் குறைந்துவிட்டது. அதற்கு முன் 28 சதவீத வரியும் அதன்மேல் செஸ் என்ற கூடுதல் வரியும் இருந்தன. ஹேட்ச்பேக் கார்களில் பெரும்பாலானவை இந்த வரம்புக்குள் வருபவை. ஆனால் பழைய கார் விற்பவர்கள் பலர் 'புதுசு என்ன விலை தெரியுமா?' என்று வரி குறைவதற்கு முந்தைய விலையையே சொல்கிறார்கள். ஷோரூமுக்குப் போய், அதே மாடலின் இன்றைய ஆன்-ரோடு விலையை எழுதி வாங்கி வாருங்கள். பேரம் பேசும்போது இதைவிடப் பயனுள்ள காகிதம் வேறில்லை.

பிறகு பழைய காரின் உண்மையான விலையைக் கூட்டுங்கள். கேட்கும் விலை, பெயர் மாற்றம், புது இன்சூரன்ஸ், நான்கு டயர், பேட்டரி, முழு சர்வீஸ். இவற்றோடு வண்டி விலையில் 15 சதவீதத்தைத் தனியாக எடுத்து வையுங்கள். இது என் அனுபவத்தில் நான் வைத்துக்கொண்ட அளவு. இந்தத் தொகையைத் தனியாக வைக்க முடியாதென்றால் அந்த விலையில் வண்டி வாங்காதீர்கள். ஒரு படி குறைந்த விலைக்குப் போங்கள், அல்லது ஆறு மாதம் பொறுங்கள். கடன் வாங்குவதாக இருந்தால், பழைய காருக்கான வட்டி புதிய காரின் வட்டியைவிட அதிகம் என்பதையும் சேருங்கள். என் கணக்கில் இரண்டுக்கும் இடைவெளி ஒரு லட்சத்துக்குக் கீழே வந்திருந்தால் புதியதையே எடுத்திருப்பேன்.

மாதம் 300 கிலோமீட்டருக்குக் கீழே ஓட்டுபவர்கள் வாடகை காரின் செலவையும் பக்கத்தில் எழுதிப் பாருங்கள். பலருக்கு அங்கேயே விடை கிடைத்துவிடும்.

3. ஆண்டையும் மாடலையும் வீட்டிலேயே முடிவு செய்யுங்கள்

கடைக்குப் போய் முடிவு செய்தால் அங்கே நிற்கும் வண்டிதான் நம் தேவையாகிவிடும்.

நான் வைத்த எல்லைக்கோடு 2019 ஜூலை. அந்த ஆண்டு ஏப்ரல் முதல் எல்லாப் புதிய கார்களிலும், சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏ.பி.எஸ். பிரேக்கும், ஜூலை முதல் ஓட்டுநருக்கான ஏர்பேக்கும் கட்டாயமாயின. அதற்கு முந்தைய ஹேட்ச்பேக்குகளின் அடிப்படை மாடல்களில் பெரும்பாலும் இவை இருக்காது. குடும்பத்தை ஏற்றிப் போகும் வண்டிக்கு இவை இரண்டும் வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம்.

இந்தியாவை விட்டுப் போன கம்பெனிகளின் வண்டிகள் மலிவாகக் கிடைக்கும். ஷெவர்லே 2017-இல் விற்பனையை நிறுத்தியது. ஃபோர்டு 2021-இல் உற்பத்தியை நிறுத்துவதாக அறிவித்தது. ஃபிகோ ஓட்டும் நண்பர்கள் இன்றும் மகிழ்ச்சியாகத்தான் இருக்கிறார்கள். ஆனால் ஏற்கெனவே ஒருமுறை அடிபட்டவர் உதிரி பாகத்துக்காக வாரக்கணக்கில் காத்திருக்கும் மனநிலையில் இருக்க மாட்டார். உங்கள் ஊர் மெக்கானிக் கண்ணை மூடிக்கொண்டு பிரித்துப் பூட்டும் மாடலாகப் பாருங்கள். நாள்தோறும் நீண்ட தூரம் ஓடாதவர்களுக்குப் பழைய டீசல் வேண்டாம். இஞ்செக்டர், டர்போ என்று எது பழுதானாலும் பல்லாயிரத்தில் முடியும்.

4. வண்டியைப் பார்க்கும் முன் காகிதத்தைக் கேளுங்கள்

என் நேரத்தையும் பணத்தையும் காப்பாற்றிய படி இதுதான். ஃபோனில் பேசும்போதே ஆர்.சி.யின் இரு பக்கம், இன்சூரன்ஸ் பாலிசி ஆகியவற்றின் படங்களைக் கேளுங்கள். 'நேரில் வாங்க சார், எல்லாம் பக்காவா இருக்கு' என்பவரிடம் போக வேண்டாம். பதினாறில் ஒன்பதை நான் இந்தப் படியிலேயே கழித்துவிட்டேன், பெட்ரோல் செலவே இல்லாமல்.

பதிவெண் கிடைத்ததும் அரசின் பரிவாகன் இணையதளத்திலோ எம்-பரிவாகன் செயலியிலோ பாருங்கள். பதிவான தேதி, எரிபொருள், இன்சூரன்ஸ் முடியும் நாள், கடன் கொடுத்த நிறுவனம் ஆகியவை தெரியும். உரிமையாளர் பெயர் பாதி மறைந்துதான் வரும், ஆர்.சி.யோடு ஒப்பிட அது போதும். இ-சலான் பக்கத்தில் நிலுவை அபராதம் இருக்கிறதா என்றும் பாருங்கள்.

இனி ஆர்.சி.யில் பார்க்க வேண்டியவை:

கடன். ஆர்.சி.யில் வங்கியின் பெயர் இருந்தால், 'லோன் எப்பவோ முடிஞ்சுடுச்சு' என்ற பேச்சு செல்லாது. வங்கியின் தடையின்மைச் சான்றும், கடன் பதிவை நீக்க வங்கி கையெழுத்திட்ட படிவம் 35-உம் வேண்டும். வங்கிச் சான்றுக்கு காலக்கெடு உண்டு, தேதியைப் பாருங்கள். என்னை ஏழு மாதம் அலைய வைத்தது இதுதான். கடன் நீக்கத்தை விற்பவரே முடித்து, இணையத்தில் வங்கியின் பெயர் மறைந்த பிறகு பணம் கொடுப்பது நல்லது.

எத்தனையாவது உரிமையாளர். ஆர்.சி.யிலேயே அந்த எண் இருக்கும். விற்பவர் 'சிங்கிள் ஓனர்' என்றும் ஆர்.சி. 3 என்றும் சொன்னால், அவருடைய மற்றப் பேச்சுகளுக்கும் அதே மதிப்புதான்.

விற்பவர் யார். ஆர்.சி.யில் இருப்பவரும் எதிரில் இருப்பவரும் ஒருவரா? இல்லையென்றால் உரிமையாளரிடம் ஃபோனிலாவது பேசுங்கள். பழைய உரிமையாளர் வெற்றுப் படிவங்களில் போட்டுக்கொடுத்த கையெழுத்தை வைத்தே வண்டி மூன்று நான்கு கை மாறியிருக்கும். கையெழுத்தில் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் சந்தேகம் வந்தால் அந்த மனிதரை நாம்தான் தேடிப் போக வேண்டும். உரிமையாளர் இறந்திருந்தால், முதலில் வாரிசு படிவம் 31 கொடுத்துத் தன் பெயருக்கு மாற்றிக்கொள்ளட்டும், பிறகு வாங்குங்கள்.

வகை. முன்பு மஞ்சள் போர்டாக ஓடி, பிறகு சொந்த உபயோகத்துக்கு மாற்றப்பட்டதா என்று கேளுங்கள். டாக்சியாக ஓடிய வண்டியின் கிலோமீட்டரை யாரும் நம்பக்கூடாது.

ஆயுள். தனியார் காரின் பதிவு 15 ஆண்டுகள். 2012 வண்டியை இன்று வாங்கினால் 2027-இல் புதுப்பிக்க வேண்டும். கட்டணமே 5,000 ரூபாய், அதோடு தகுதிச் சோதனைக்கான வேலைகள்.

வெளிமாநில வண்டிகளைப் பற்றி ஒரு வார்த்தை. டெல்லி தலைநகர்ப் பகுதியில் 10 ஆண்டு கடந்த டீசல், 15 ஆண்டு கடந்த பெட்ரோல் வண்டிகளுக்குக் கட்டுப்பாடு இருப்பதால் அங்கிருந்து மலிவாக வந்து இறங்குகின்றன. படிவம் 28-இல் தடையின்மைச் சான்று, இங்கே மறுபதிவு, தமிழ்நாட்டுக்கான வரி என்று சேர்த்தால் மலிவு காணாமல் போகிறது. ஏற்கெனவே ஒருமுறை அடிபட்டவர்கள் இதில் இறங்கவே வேண்டாம்.

இன்சூரன்ஸ் பாலிசி பேசும். அதில் 'நோ கிளெய்ம் போனஸ்' என்ற பிரீமியத் தள்ளுபடி எத்தனை சதவீதம் என்று பாருங்கள். ஒவ்வோர் ஆண்டும் கிளெய்ம் இல்லாவிட்டால் 20, 25, 35, 45, 50 என்று ஏறும். ஒரே உரிமையாளரிடம் ஆறு ஆண்டு இருந்த வண்டியில் அது பூஜ்யம் என்றால், அண்மையில் கிளெய்ம் நடந்திருக்க வாய்ப்பு அதிகம். என்ன கிளெய்ம் என்று கேளுங்கள். பம்பர் உரசலா, முன்பக்கமே நசுங்கியதா என்பது பதில் வரும் விதத்தில் தெரிந்துவிடும்.

கடைசியாக சர்வீஸ் வரலாறு. கம்பெனி சர்வீஸ் சென்டரில் பதிவெண்ணை வைத்து எந்தத் தேதியில் எத்தனை கிலோமீட்டர் என்று பார்க்க முடியும். சில இடங்களில் உரிமையாளர் கூட இருந்தால்தான் சொல்வார்கள். அவரை அழைத்துப் போங்கள், நேர்மையானவர் வருவார். டிஜிட்டல் மீட்டரையும் குறைத்துவிடுகிறார்கள் என்பதை நான் இழந்த பணத்தால் கற்றேன். நான் முதலில் செய்திருக்க வேண்டிய வேலை இந்த ஒன்று மட்டுமே. அரை மணி நேரம், செலவில்லை.

5. பகல் வெளிச்சத்தில், ஆறிய எஞ்சினோடு பாருங்கள்

மாலையில், மழையில், கடையின் விளக்கு வெளிச்சத்தில் பார்க்காதீர்கள். கழுவிய ஈரம் காயாத வண்டியில் பெயின்ட் வித்தியாசம் தெரியாது. காலையில் போங்கள். 'நான் வரும்வரை ஸ்டார்ட் செய்ய வேண்டாம்' என்று முன்னாலேயே சொல்லி, போனவுடன் பானட்டைத் தொட்டுப் பாருங்கள். சூடாக இருந்தால் ஏன் என்று கேளுங்கள்.

முதலில் வண்டியின் அடிச்சட்டத்தில் அடித்திருக்கும் சேஸிஸ் எண்ணையும் எஞ்சின் எண்ணையும் ஆர்.சி.யோடு எழுத்தெழுத்தாக ஒப்பிடுங்கள். சுரண்டியதுபோலவோ மறுபடி அடித்ததுபோலவோ இருந்தால் அங்கிருந்து கிளம்பிவிடுங்கள்.

விபத்தைக் கண்டுபிடிக்க வெளிப் பெயின்டைப் பார்த்துப் பயனில்லை, போல்ட்டுகளைப் பாருங்கள். பானட் கீல், முன் ஃபென்டர், கதவுக் கீல் ஆகியவற்றின் போல்ட் தலைகளில் ஸ்பேனர் பட்ட தழும்பு இருந்தால் அவை கழற்றப்பட்டிருக்கின்றன. கதவு ரப்பரைச் சற்று இழுத்துப் பாருங்கள். தொழிற்சாலையில் வைத்த ஸ்பாட் வெல்டிங் புள்ளிகள் சீரான இடைவெளியில் வட்டமாகத் தெரியும். டிங்கர் வேலை செய்த இடத்தில் அவை இருக்காது, அல்லது கோணலாக இருக்கும். டிக்கியில் ஸ்டெப்னியை எடுத்துவிட்டு அந்தக் குழியைப் பாருங்கள். பின்னால் இடி வாங்கிய வண்டியில் அங்கே தகடு சுருங்கியிருக்கும். துணி சுற்றிய சின்னக் காந்தம் ஒன்றைக் கையில் வைத்திருங்கள். இரும்புத் தகட்டில் அது ஒட்டாத இடத்தில் உள்ளே பட்டி இருக்கிறது. பம்பர் பிளாஸ்டிக், அங்கே எப்போதும் ஒட்டாது.

கதவு, பம்பர் மாற்றியிருந்தால் நான் கவலைப்பட மாட்டேன். நம் ஊர்ச் சாலைகளில் அது சாதாரணம். ஆனால் கூரையைத் தாங்கும் பில்லர், எஞ்சினின் இருபக்கத் தகடான ஏப்ரன், சேஸிஸ் இவற்றில் வெல்டிங் இருந்தால் எந்த விலைக்கும் வேண்டாம்.

வெள்ளத்தில் நின்ற வண்டி இதைவிட ஆபத்தானது, பார்த்தவுடன் தெரியாது என்பதால். 2015 டிசம்பரிலும் 2023 டிசம்பரிலும் சென்னையிலும், 2023 டிசம்பரில் நெல்லை, தூத்துக்குடி பக்கமும் ஏராளமான கார்கள் நீரில் மூழ்கின. ஊர்ப் பதிவெண்ணை வைத்து மட்டும் ஒதுக்க வேண்டியதில்லை, சோதித்துப் பாருங்கள். சீட் பெல்ட்டைக் கடைசிவரை இழுங்கள்; உள்ளே சுருண்டிருந்த பகுதியில் சேற்றுக் கறை இருக்கும். சீட்டுக்கு அடியில் அது நகரும் தண்டவாளத்தில் துரு, தரைவிரிப்பைத் தூக்கினால் வண்டல், ஏசி போட்டதும் முகத்தில் அடிக்கும் பூஞ்சை வாடை. உள்ளே அளவுக்கு மீறிய வாசனை திரவியம் இருந்தாலும் சந்தேகப்படுங்கள்.

டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்க எண் இருக்கும். 2319 என்றால் 2019-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரத்தில் செய்தது. 28,000 கிலோமீட்டர்தான் ஓடியது என்று சொல்லப்படும் வண்டியில் நான்கு டயரும் புதியவை என்றால் கணக்கு உதைக்கிறது. பெடல் ரப்பர், ஸ்டீயரிங் தோல், ஓட்டுநர் சீட்டின் ஓரம் மூன்றும் தேய்ந்திருக்கும் அளவும் மீட்டரும் ஒத்துப்போக வேண்டும்.

6. ஸ்டார்ட் செய்யுங்கள், ஓட்டுங்கள்

சாவியை 'ஆன்' நிலைக்குத் திருப்பியதும் ஏர்பேக், ஏ.பி.எஸ்., எஞ்சின் விளக்குகள் எரிய வேண்டும். முதல் இரண்டும் சில நொடிகளிலும், எஞ்சின் விளக்கு ஸ்டார்ட் ஆனதும் அணைய வேண்டும். எரியவே இல்லை என்றால் யாரோ விளக்கை முடக்கியிருக்கிறார்கள். இதைப் பலர் கவனிப்பதில்லை.

புகை நீலமாக வந்தால் ஆயில் எரிகிறது. எஞ்சின் சூடான பிறகும் வெள்ளையாக வந்தபடியே இருந்தால் கூலன்ட் உள்ளே போகிறது. ஆயில் ஊற்றும் மூடியின் அடியில் மோர் போலக் கலங்கல் இருந்தாலும் அதே ஐயம்தான்.

குறைந்தது 15 கிலோமீட்டர் ஓட்டுங்கள். மேடு, வேகத்தடை, குண்டும் குழியுமான தெரு, நல்ல சாலை நான்கும் அதில் வரட்டும். பாட்டை அணைத்துவிடுங்கள். ஏசியை நண்பகல் நெரிசலில் நின்ற நிலையில் சோதியுங்கள். கலெக்டர் ஆபீஸ் பக்கம் ஒரு சுற்று ஓட்டிவிட்டு முடிவெடுத்தவன் நான், முதல் வண்டிக்கு.

7. உங்கள் மெக்கானிக்கை அழைத்துப் போங்கள்

விற்பவர் காட்டும் மெக்கானிக்கை நம்ப வேண்டாம், இருவரையும் தெரிந்தவரும் வேண்டாம். நான் 1,500 ரூபாய் கொடுத்தேன். வண்டி பிடிக்கவில்லை என்றாலும் அந்தப் பணம் உண்டு என்று முன்கூட்டியே சொல்லிவிட்டேன். அப்போதுதான் 'வேண்டாம்' என்று சொல்ல அவருக்குத் தயக்கம் இருக்காது. வண்டியை லிஃப்டில் தூக்கிப் பார்க்கவும் பழுதுக் குறியீட்டைப் படிக்கும் ஸ்கேனர் போடவும் சொல்லுங்கள். இதற்கு விற்பவர் மறுத்தால் பேச்சு அங்கே முடிகிறது. மூன்று வண்டிகளை என் மெக்கானிக் இப்படித் தடுத்தார். அதில் ஒன்று எனக்கு மிகவும் பிடித்துப்போயிருந்தது.

8. விலை, முன்பணம், எழுத்து

மெக்கானிக் சொன்ன வேலைகளுக்கு விலை எழுதி, அந்தத் தொகையைக் கேட்கும் விலையிலிருந்து கழித்துப் பேசுங்கள். 'இன்னொரு பார்ட்டி சாயங்காலம் வருது' என்று அவசரப்படுத்தினால் அந்தப் பார்ட்டியே வாங்கட்டும் என்று விட்டுவிடுங்கள். ஒருமுறை பணம் இழந்தவர்களுக்கு 'இதையும் விட்டால் வேறு கிடைக்காது' என்ற பதற்றம் வரும். எனக்கும் வந்தது. கிடைக்கும்.

முன்பணம் 5,000 அல்லது 10,000-க்கு மேல் வேண்டாம். எதுவானாலும் வங்கி வழியாக, ஆர்.சி.யில் உள்ளவரின் கணக்குக்கு, கன்சல்டிங் என்றால் நிறுவனத்தின் கணக்குக்குச் செலுத்துங்கள். ரசீதில் இவை இருக்கட்டும்: பதிவெண், சேஸிஸ் எண், மீட்டர் அளவு, பெரிய விபத்தோ வெள்ளப் பாதிப்போ இல்லை என்ற உறுதி, இன்ன தேதிக்குள் காகிதம் தராவிட்டால் முன்பணம் திரும்பும் என்ற வரி, ஒப்படைக்கும் தேதியும் நேரமும். அந்த நேரத்துக்கு முந்தைய சலான்கள் விற்பவருடையவை.

9. பெயர் மாற்றத்தை நீங்களே தொடங்குங்கள்

வண்டியை எடுக்கும் நாளில் கையில் இருக்க வேண்டியவை: அசல் ஆர்.சி., பெயர் மாற்றத்துக்காக நிரப்பிக் கையெழுத்திட்ட படிவம் 29 இரண்டு பிரதி, படிவம் 30, தேவைப்பட்டால் 35, நடப்பில் உள்ள இன்சூரன்ஸ், புகைச் சான்று, விற்பவரின் ஆதார், பான் நகல்கள், இரண்டு சாவி. இரண்டாவது சாவி இல்லை என்றால் விலையில் குறைக்கச் சொல்லுங்கள்.

சட்டப்படி, ஒரே மாநிலத்துக்குள் என்றால் விற்பவர் 14 நாளுக்குள்ளும், வாங்குபவர் 30 நாளுக்குள்ளும் தெரிவிக்க வேண்டும். பரிவாகன் தளத்தில் விண்ணப்பித்துக் கட்டணம் கட்டலாம். அரசுக் கட்டணம் சில நூறு ரூபாய்தான். கடன் பதிவு இருந்தால் மேலும் 1,500. ஆயிரக்கணக்கில் யாராவது கேட்டால் அது அவருடைய கூலி. கன்சல்டிங் 'நாங்களே மாற்றித் தருகிறோம்' என்றால், மாற்றம் முடியும்வரை 10,000 ரூபாயையாவது நிறுத்தி வையுங்கள். புதிய ஆர்.சி. இப்போது விரைவு அஞ்சலில் நீங்கள் கொடுத்த முகவரிக்கு வருகிறது. கதவு எண்ணையும் கைபேசி எண்ணையும் இருமுறை சரிபார்த்துவிட்டு விண்ணப்பியுங்கள்.

இன்சூரன்ஸை 14 நாளுக்குள் உங்கள் பெயருக்கு மாற்றுங்கள். மூன்றாம் நபர் பாதுகாப்பு தானாகத் தொடரும். ஆனால் உங்கள் காருக்கான இழப்பீடு, பாலிசி பெயர் மாறாமல் இருந்தால் மறுக்கப்படலாம். விற்பவரின் நோ கிளெய்ம் போனஸ் அவருக்கே உரியது. அந்த வித்தியாசத்தை நீங்கள் கட்ட வேண்டும். என் விஷயத்தில் அது 2,300 ரூபாய். விற்பவரிடம் அவருடைய ஃபாஸ்டேகை மூடச் சொல்லிவிட்டு, உங்கள் பெயரில் புதியது வாங்குங்கள்.

வாங்கிய வாரத்திலேயே எஞ்சின் ஆயில், கூலன்ட், பிரேக் ஆயில், ஃபில்டர்கள் எல்லாவற்றையும் மாற்றிவிடுங்கள். முன்பு எப்போது மாற்றினார்கள் என்று கேட்டுக்கொண்டிருக்க வேண்டாம். எனக்கு டயர் உள்பட 27,400 ரூபாய் ஆனது. தனியாக எடுத்து வைத்த தொகையில் மீதி இன்னும் வங்கியில் இருக்கிறது; முதல் ஓராண்டுக்கு அதைத் தொடாதீர்கள்.